குருத்தோலை ஞாயிறன்று ஒரு முகூர்த்தம்

தாம்பரத்தில் ரயில்வே ஆட்கள் குடியேறிய காலத்தில் முதலில் கட்டப்பட்டது அந்த ஹால்தான். பக்கத்தில் கிறிஸ்தவக் கோயில் எழும்பும் வரை பூசையும் அதற்குள்தான் நடந்தது. உயரமான ஜன்னல்கள், தேக்குப் பலகைத் தரை, வாசலில் அகலமான கல் படிகள். இப்போது கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களின் கூட்டங்கள் போக மீதி நாட்களில் யார் கேட்டாலும் விசேஷங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அதைக் கொடுப்பதும் பூட்டுவதும் பெருக்குவதும் பேபியின் வேலை.

பேபி ஐம்பத்து நான்கு வயதுப் பெண். இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். அலங்காரக்காரர்கள் முறைத்தால் ஜன்னல் கம்பிகளில் கயிறு கட்டும் விதத்தைத் தானே ஏணி ஏறிக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தங்களையும் துணிந்து ஏற்றுக்கொள்வார். முதல் பூசை ஏழேகாலுக்கு முடியும், அடுத்தது தொடங்குவது ஒன்பதரைக்கு. நடுவில் மேளம் கொட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை. பல வருடங்களாக இந்தக் கணக்குப் பிசகியதில்லை.

வரும் பங்குனியில் ஒரு ஞாயிறு, ஏழரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம் என்று அங்காளம்மா வந்து கேட்டபோதும் பேபி அதே கணக்கில்தான் சரி என்றார். அங்காளம்மா கானத்தூர்க் குப்பத்திலிருந்து கூடையோடு வந்து கோயில் தெருவில் மீன் விற்பவர். மகள் அஞ்சலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பொழிச்சலூர். "எனக்குத் தெரிஞ்ச சனமெல்லாம் இந்தத் தெருவுலதான் கீது. இங்கியே வச்சிக்கிறேன்" என்றார்.

ஈஸ்டர் வருடத்துக்கு வருடம் நகரும். அது பேபிக்குத் தெரியாததல்ல. அன்று நினைவுக்கு வரவில்லை. டிசம்பரில் புது வருடத்துப் பங்கு காலண்டர் வந்தபோது பார்த்தால், முகூர்த்த நாள்தான் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு. அன்று ஒரே பூசை. ஏழு மணிக்கு இந்த ஹால் படியில் ஓலைகளை மந்திரித்து, பவனியாகக் கோயிலுக்குப் போவார்கள். முடிய ஒன்பதரை ஆகும்.

பேபி அன்றே மீன் கூடையருகே போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா பேபி, தலையில கல்லத் தூக்கிப் போடுற? பத்திரிகைய அடிக்கக் குடுத்து பாதி ஊருக்குச் சொல்லியாச்சி. மாப்ள வூட்ல ஏற்கெனவே சர்ச் ஹாலான்னு மூஞ்ச தூக்கிக்கினு கீறாங்க."

"தப்பு என்னுதுக்கா. வேற மண்டபம் பாத்துத் தரட்டுமா?"

"முகூர்த்த நாள்ல எவன் மண்டபத்தைக் காலியா வச்சிக்கினு ஒக்காந்திருப்பான்?"

பேபியும் பல்லாவரம் முதல் வண்டலூர் வரை விசாரித்துப் பார்த்தார். எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் கோயில் பாதிரியாரான பங்குத்தந்தையிடம் போனார். அங்கே கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் ஜெபராஜும் இருந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், எதற்கும் விதி பார்ப்பவர்.

"ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், மேளமே கூடாது. அதுவும் புனித வாரம் ஆரம்பிக்கிற அன்னைக்கா? கேன்சல் பண்ணச் சொல்லுங்க ஃபாதர்."

"வாக்குக் குடுத்துட்டேன் சார்."

"கேலண்டர் பாக்காம வாக்குக் குடுத்தா?"

"பாக்க அப்ப கேலண்டர் வரல. ஆனா கேட்டிருக்கலாம், கேக்கல" என்றார் பேபி. பிறகு பங்குத்தந்தையைப் பார்த்து, "பவனியை ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டரைக்குப் பூசை முடிஞ்சிடும் ஃபாதர். வயசானவங்களுக்கும் வெயில் இல்ல. அதுவரைக்கும் மேளத்துல கை வைக்காம நான் பாத்துக்கிறேன். அப்புறம் ஒன்பதுக்குள்ள தாலி கட்டிடலாம்."

பங்குத்தந்தை காலண்டரில் ஏழை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். "சரி. ஆனா பூசையோட கடைசி ஆசீர் முடியிற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது."

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வேறொரு சிக்கல். கோயிலுக்கு ஓலை ஏற்றி வந்த வண்டி பாதிச் சுமையோடுதான் வந்தது. ஹாலுக்குள் அங்காளம்மாவின் வீட்டுக்காரர் கோதண்டம் தோரணத்துக்காகத் தென்னங்குருத்துகளைக் கொண்டுவந்து குவித்திருந்தார். ஜெபராஜ் படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஒங்க சாமிக்கு எங்க ஓலை ஆவாதா? எடுத்துக்கோ சார்" என்றார் அங்காளம்மா.

சற்று நேரத்தில் தேக்குத் தரையில் ஒரு பக்கம் தோரணமும் ஒரு பக்கம் ஓலைச் சிலுவையுமாக எல்லோரும் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் மடித்தது கையோடு அவிழ்ந்துகொண்டே இருந்தது.

"சார் மடிக்கிற சிலுவை கருவாடு மாரி சுருண்டுக்குது. குடு இப்டி" என்று பிடுங்கினார் அங்காளம்மா. ஜெபராஜ் சிரித்துவிட்டார்.

மறுநாள் ஆறு மணிப் பவனி படியிலிருந்து ஒழுங்காகவே புறப்பட்டது. ஆனால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நீண்ட வாசகத்தைப் பாடகர் குழு பாட்டாகவே பாடியது. எட்டரை தாண்டியும் ஆசீருக்கு முந்தின நற்கருணை வழங்கல் முடியவில்லை.

ஹாலில் நாதஸ்வரக்காரர் தட்சிணாமூர்த்தி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் மாமா எழுந்துவிட்டார். "மேளமே இல்லாம ஒரு கல்யாணமா? எழவு வூடு மாரி கீது!"

"நல்ல நாள்ல வாயப் பாரு" என்று அங்காளம்மா அவரை உட்காரவைத்தார். ஆனால் தாலித் தட்டைப் பிடித்தபடி அவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சலி தலை குனிந்தபடியே, "பேபிக்கா எங்கம்மா?" என்று கேட்டாள்.

பேபி கோயிலின் பக்கவாசலில் நின்றிருந்தார். நற்கருணை முடிந்து மக்கள் அமர்ந்தார்கள். இனி ஆசீர்தான் என்று அவர் நினைத்தபோது ஜெபராஜ் கை நிறையத் தாள்களோடு மைக் முன்னால் வந்தார். புனித வாரத்து அறிவிப்புகள்: பாதம் கழுவுதல், சிலுவைப்பாதை, கஞ்சி, இரவுக் காவல். சாதாரணமாகவே அவர் கால் மணி நேரம் வாசிப்பார். ஒன்பதுக்குப் பதினைந்து நிமிடம்கூட இல்லை. பேபி வாசற்கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஜெபராஜ் கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்தார். பிறகு பக்கவாசலைப் பார்த்தார். தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இந்த வார அறிவிப்புகள் எல்லாம் வாட்ஸ்அப்ல வரும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். நம்ம மீன்காரம்மா அங்காளம்மா பொண்ணுக்கு இப்ப பக்கத்து ஹால்ல கல்யாணம். உங்க கையில இருக்கிற ஓலையில பாதி அவங்க குடுத்தது. மேளச் சத்தம் கேட்டா யாரும் முகம் சுளிக்க வேணாம்."

கோயிலே சிரித்தது. பங்குத்தந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து ஆசீர் வழங்கினார். மக்கள் "ஆமென்" சொல்லி முடிப்பதற்குள் பேபி நடுவிலிருந்த சந்து வழியாக ஓடி ஹால் படியேறிக் கையை உயர்த்தினார்.

"கெட்டிமேளம்!"

காத்திருந்த கோபமெல்லாம் தவிலில் இறங்கியது. தேக்குத் தரை அதிர்ந்தது. அஞ்சலியின் கழுத்தில் மூன்றாம் முடிச்சு விழுந்தபோது மணி இன்னும் ஒன்பது ஆகவில்லை.

கோயில் விட்டு வந்தவர்கள் கையில் ஓலையோடு ஹால் வாசலில் தயங்கி நின்றார்கள். அங்காளம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னா வெளியவே நின்னுகினு? உள்ள வாங்க. எல்லாரும் சாப்டுட்டுப் போவணும்."

"தவக்காலம்மா" என்று ஜெபராஜ் இழுத்தார்.

"ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு ஒருசந்தி வெரதம் கெடையாது, எனக்குத் தெரியும். வா சார்."

படியில் செருப்புகள் குவியத் தொடங்கின. மாப்பிள்ளையின் மாமாவே முன்னால் வந்து பங்குத்தந்தையை அழைத்துப்போனார். முதல் பந்தி பாதியில் இருக்கும்போதே கோதண்டம் ஓடிவந்தார். "பேபிம்மா, எல பத்தாது போலக்கீதே!"

"பதறாதண்ணா" என்றார் பேபி. கோயில் திருவிழா அன்னதானத்துக்காகப் பங்கில் வைத்திருந்த தட்டுகளை எடுக்கக் கிடங்கைத் திறந்தார். அடுக்கை இறக்கக் கைகொடுக்க ஜெபராஜ் பின்னாலேயே வந்து நின்றார்.