பால்மா பைக்கற்றில் ஒரு காடு

மோட்டார் சைக்கிள் சாவியைக் காணவில்லை.

நேற்றும் காணவில்லை. முந்தநாளும் காணவில்லை. அலுமாரிக்கு மேலே தடவினேன், குசினி யன்னலில் பார்த்தேன், சட்டைப் பைகளை எல்லாம் உதறினேன். எங்கள் வீட்டில் சாவி தொலைவது புதிதல்ல. ஆனால் நான் தேடித் திரிவதை மனைவி வதனி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாளே… அதுதான் புதிது.

அப்படி எங்கே போக இத்தனை அவதி என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நட்ட பாலை மரக் கன்றுகளைப் பார்க்கத்தான். நட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தெரியும். ஆனாலும் கால் வீட்டில் நிற்கமாட்டேன் என்கிறது.

இந்தப் பத்தியை வழமையாக வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். புட்டு அவியும்போது மூடியைத் திறந்து பார்ப்பவன் நான். பஸ் வரும்வரை நிற்க ஏலாமல் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கி, இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸைத் தவறவிடுபவன். இப்படிப்பட்ட ஒருவனை நம்பி யாராவது விதை கொடுப்பார்களா?

நிஸ்தார் கொடுத்தார்.

நிஸ்தார் கிண்ணியாக்காரர். இப்போது எங்கள் சந்தையில் மரக்கறி வியாபாரம். முன்பு டிப்பர் ஓட்டினார் — கிறவல் மண் ஏற்றும் டிப்பர். அவருடைய தங்கையின் வயலுக்குப் பின்னால் ஒரு சின்ன மலை இருந்தது. பாலையும் வீரையும் அடர்ந்து நின்ற மலை. அதை வெட்டி வெட்டி, ரோட்டுக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டியவர்களில் நிஸ்தாரும் ஒருவர். இன்று மலை இல்லை. சிவந்த குழிதான் மிச்சம். மரம் இல்லாத அந்தக் குழியிலிருந்து மாரிக்கு மாரி மண் கரைந்து இறங்கி, தங்கையின் பயிரை மூடிவிடுகிறது. தங்கை இன்றுவரை ஒரு சொல் குறை சொன்னதில்லையாம். நிஸ்தாருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் குழியில் திரும்பவும் காடு எழும்பவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் மனிதர். கேட்கவேண்டிய இடத்தில் கேட்டு அனுமதி எடுத்தார். சந்தையில் கொட்டப்படும் அழுகிய மரக்கறி, மீன் செதில், வாழைத்தண்டு எல்லாவற்றையும் குவித்துக் கூட்டெரு போட்டார். வீடுகளில் எறியும் வெற்றுப் பால்மா பைக்கற்றுகளைச் சேர்த்தார். அதில் எருவை நிரப்பி, ஆளுக்கொரு சாதி மர விதை ஊன்றி, வீட்டு வளவுகளில் வைத்துக் கன்றாக்குவது என்பது திட்டம்.

என்னிடம் வந்தபோது நேரமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் எங்கள் வீட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்கட அத்திவாரத்துக்கும் நான்தான் கொட்டினனான், அண்ணன்."

அதற்குப் பிறகு எப்படி மறுப்பது?

இது போன வருடக் கதை. அப்போது பாலைப்பழக் காலம். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும் — இனிப்பு நாக்கில் இறங்க முதலே பால் உதட்டைப் பிசின் போட்டு ஒட்டிவிடும். நிஸ்தாரின் பிள்ளைகள் வாய் ஒட்ட ஒட்டத் தின்று, விதைகளை ஒரு கோப்பைக்குள் துப்பிச் சேர்த்திருந்தார்கள். (கழுவித்தான் தந்தார், பயப்படாதீர்கள்.) எங்கள் வளவில் கிணறும் நிழலும் இருந்ததால் பாலை முழுவதும் என் பொறுப்பு. பழக்காலமும் முடிகிறது. இது தவறிப்போனால் இனி அடுத்த வருடம்தான் விதை.

"தண்ணி மட்டும் தெளிங்க. வேற ஒண்டும் செய்யாதீங்க" என்றார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது… எனக்குச் சொல்லக்கூடிய வேலையா அது?

முதல் கூத்து எருவிலேயே நடந்தது. குவியலில் இன்னும் சூடு அடங்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான் பொறுப்பேனா? அன்றைக்கே சாக்கில் அள்ளி ஓட்டோவில் ஏற்றிவந்து, நிரப்பி, விதையும் ஊன்றிவிட்டேன்.

சில நாட்களிலேயே பைக்கற்றுக்குப் பைக்கற்று பச்சை! எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'பாலை பிறந்தது' என்று ஒரு வரியும் எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. கடைசியாக நிஸ்தாரின் குரல் பதிவு வந்தது.

"அண்ணன், அது தக்காளி. பக்கத்தில நிக்கிறது பூசணி. எரு அவிஞ்சு முடியல்ல எண்டு சொன்னன்தானே."

சந்தைக் கழிவில் கிடந்த விதை எல்லாம் உயிரோடு எழும்பியிருக்கிறது. கட்டைவிரல்கள் சிரிக்கும் முகங்களாக மாறின. எனக்கு வந்த கோபத்தில் முளைத்தது அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். மதிலோரத்துப் பூசணியில் கை வைக்கும்போது வதனி குறுக்கே வந்து நின்றாள். அது தனக்குக் கறிக்கு வேண்டுமாம். அவள் ஒன்றின் பக்கம் நின்றுவிட்டால் பிறகு அரசாங்கமே வந்தாலும் அசைக்க ஏலாது. பூசணி தப்பியது. மதிலோர வரிசைப் பைக்கற்றுகளின் மேல் ஏறிப் படர்ந்து, இலையால் மூடியும் விட்டது. அந்த வரிசை போனது போனதுதான் என்று கைகழுவினேன்.

மற்ற வரிசைகளை விட்டேனா? காலையில் பல்லுத் தீட்டமுதல் ஈர்க்கும் கையுமாகப் போய்விடுவேன். மெல்லக் கிண்டி, விதை என்ன செய்கிறது என்று சும்மா ஒரு பார்வை. ஒரு விதையில் வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்த்தது. வதனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடி வைத்தேன். அடுத்த நாளும் கிண்டினேன். நுனி கறுத்திருந்தது.

இன்னும் சிலது நான் கிண்டியதையும் தாண்டித் தலை நீட்டின. இதுவும் கத்தரியாக்கும், இன்னொருமுறை ஏமாறமாட்டேன் என்று பிடுங்கினேன். கையோடு கூட வந்தது பிளந்த பாலை விதையின் கோது. அப்படியானால் நேற்றுப் பிடுங்கியவை? முந்தநாள் பிடுங்கியவை?

நிஸ்தார் தொலைபேசியில் விசாரிக்கும்போதெல்லாம் "வருது, வருது" என்றேன். பொய் சொல்லும்போது மட்டும் எனக்கு எப்படித்தான் அந்த நிதானம் வருகிறதோ!

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நேரே பின்வளவுக்குப் போனார். வரிசை வரிசையாக வெற்று எரு. என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. ஒரு பைக்கற்றைக் கையில் எடுத்தார்.

"பிள்ளையள் வாய் ஒட்ட ஒட்டத் திண்டதுகள், அண்ணன்."

அவ்வளவுதான் சொன்னார். இன்னொரு மாரி, இன்னொருமுறை தங்கையின் வயலில் மண்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று வதனி பூசணிக்காய் வெட்டப் போனாள். கொடியைத் தூக்கியவள் அப்படியே குனிந்து நின்றாள்.

"இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்றாள்.

பூசணி இலைகளுக்கு அடியில், ஈரத்தில், நிழலில், மதிலோர வரிசை முழுக்க முளைத்து நின்றது. சின்னச் சின்ன, தடித்த, மினுங்கும் இலைகள். நிஸ்தார் முழங்காலிட்டு ஒன்றைத் தொட்டார். தொட்டவர் சிரித்தார். கண்ணையும் துடைத்தார்.

"பாலைதான். பூசணி காப்பாத்தி வச்சிருக்கு."

"எதில இருந்து? வெயிலில இருந்தோ?" என்று கேட்டேன்.

நிஸ்தார் வதனியைப் பார்த்தார். வதனி என்னைப் பார்த்தாள்.

"உங்களிட்ட இருந்து" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வளவில் பூசணி ஒரு காட்டையே மறைத்து வைத்திருந்தது! நல்லது செய்யவேண்டும் என்று துடிப்பவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களிடமிருந்து அந்த நல்லதைக் காப்பாற்றத்தான் ஆள் காணாது.

அன்றைக்கே நிஸ்தார் அத்தனையையும் பெட்டிக்குள் அடுக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கன்றுகள் ஒரு சாண் உயரம் வரும்வரை என்னை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். ஒரு வருடம்! அந்த ஒரு வருடத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பதை வதனியிடம்தான் கேட்கவேண்டும்.

போன ஞாயிறு, இந்த மாரியின் முதல் நல்ல மழைக்குப் பிறகு, குழியில் நட்டோம். வீரை, நாவல், எங்கள் பாலை. நிஸ்தாரின் தங்கை வயல் வரம்பால் நடந்துவந்து, ஒன்றும் கதையாமல், ஒரு பாலைக் கன்றைத் தன் கையால் ஊன்றினார். நிஸ்தார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த இடத்தில இருந்துதான் கடைசி லோட் ஏத்தினனான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அன்றிலிருந்துதான் எனக்கு இந்த அந்தரம். வேர் பிடித்திருக்குமா? மாடு மேய்ந்திருக்குமா? நேற்றிரவு பெய்த மழையில் சரிந்திருக்குமா? ஒருக்கா போய், சும்மா, மண்ணை இலேசாகக் கிளறி…

கேட்டே விட்டேன், சாவி எங்கே என்று. வதனி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாரி முடியட்டும்" என்றாள்.

பூசணியிடம் பாடம் படித்தவள்!