நூலகம் இல்லாத பாடசாலையின் நூலகர்

சுல்பிகா டீச்சருக்கு அந்தக் கடிதம் வந்தது போன வருடம் பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாம் பாடவேளையில் அலுவலக உதவியாளர் கொண்டுபோய் நூலக மேசையில் வைத்தார். ஏதோ சுற்றறிக்கை என்று நினைத்த டீச்சர், கிழிந்த புத்தகமொன்றுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்த வேலையை முடித்து, கையையும் கழுவிவிட்டுத்தான் உறையைப் பிரித்தார்.

‘மேலதிகத் தமிழ் ஆசிரியர்’ என்ற வகையில் அவரைத் தெற்கே வெகுதூரத்தில் உள்ள கோமாரிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் கடமையேற்க வேண்டும்.

நான் அதே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். என் பெயர் நளீர். எங்கள் பாடசாலை கல்முனையில் இருந்து அதிக தூரமில்லை. மேல்மாடியில் நின்றால் கடல் தெரியும். அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஏன் என்று போகப்போக விளங்கும்.

சுல்பிகா டீச்சர் நற்பிட்டிமுனைக்காரி. கணவர் நஜீம் வேளாண்மை செய்கிறவர். தமிழ் ஆசிரியராகத்தான் டீச்சருக்கு முதல் நியமனம். பிறகு ஆசிரிய நூலகர் பயிற்சிக்குப் போய் வந்து, 2013இல் எங்கள் நூலகத்தைப் பொறுப்பெடுத்தார். பொறுப்பெடுக்க அப்போது அங்கே நூலகமே இருக்கவில்லை. பழைய நூலகத்தைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. பிறகு கட்டிய மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் உடைந்த கதிரை மேசைதான் கிடந்தது. அவற்றை டீச்சரே வெளியே இழுத்துப் போட்டார். வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டார். பதினொரு வருடத்தில் நாலாயிரத்து முந்நூறு புத்தகம் சேர்ந்தது.

ஆனால் எங்களுக்கு அது ஒரு வசதியான அறை. ஓர் ஆசிரியர் லீவு என்றால், “லைப்ரரிக்குப் போங்க” என்று வகுப்பை அனுப்பிவிடுவோம். தடுப்பூசி போடுவது அங்கே, சோதனைத்தாள் கட்டுவதும் அங்கே. டீச்சர் ஒரு நாளும் மறுத்ததில்லை. கூட்டங்களில் கடைசி வரிசையில் இருப்பார். ஒரு வார்த்தை கதைக்கமாட்டார்.

கடிதம் வந்த அன்று பின்னேரமே அவர் வலயக் கல்விக் கந்தோருக்குப் போனார். திட்டமிடல் பகுதியில் கேதீஸ்வரி என்ற காரைதீவுப் பிள்ளை வேலை செய்கிறார். அவர் கணினியில் தேடிப் பார்த்தார்.

“உங்கட பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியர் நாலு பேர் போதும் டீச்சர். அஞ்சு பேர் இருக்கிறீங்க. அதில ஒராள் கூட.”

“நான் தமிழ் படிப்பிக்கிற இல்ல தங்கச்சி. நான் லைப்ரேரியன்.”

கேதீஸ்வரி திரும்பவும் தேடினார். “உங்கட பாடசாலையில லைப்ரரி இல்லையே டீச்சர்.”

சுல்பிகா டீச்சர் சிரித்துவிட்டார். கைப்பைக்குள் இருந்து நூலக அறையின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். “இந்தா. பூட்டிப்போட்டுத்தான் வாறன்.”

கேதீஸ்வரி சிரிக்கவில்லை. எழும்பிப் போய், பாடசாலையில் இருந்து ஒவ்வொரு வருடமும் வருகிற தொகைமதிப்புப் படிவங்களின் கோவையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். மாணவர் எத்தனை, கதிரை எத்தனை, கிணறு உண்டா, மின்சாரம் உண்டா. நூலகம்: இல்லை. 2005இல் இல்லை. அது உண்மை, கடல் கொண்டுபோன அடுத்த மாதம் நிரப்பிய படிவம். 2006இல் இல்லை. 2013இல் இல்லை. 2020இல் இல்லை. கடைசியாக அனுப்பியதிலும் இல்லை.

“படிவத்தில வாறதத்தான் டீச்சர் நாங்க ஏத்துற. லைப்ரரி இல்லாத இடத்தில லைப்ரேரியன காட்டேலாது. அதனால உங்கள தமிழுக்குக் கீழ போட்டிருக்கு.”

“அப்ப பதினொரு வருசமா நான் யாரு?” என்று கேட்டிருக்கிறார் டீச்சர்.  டீச்சரின் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து, கேதீஸ்வரி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாராம். 

அடுத்த நாள் காலையில் டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்தார். நானும் ஸப்னா டீச்சரும் மட்டும் இருந்தோம். கந்தோரில் இருந்து கொண்டுவந்த படிவப் பிரதிகளை எனக்கு முன்னால் விரித்தார்.

அந்த ‘இல்லை’யைக் கண்டதும் என் நெஞ்சு திக்கென்றது. அது என் எழுத்து. எனக்கு முன்பிருந்தவர் ஓய்வுபெற்ற பிறகு, ஏழு வருடமாக அந்தப் படிவத்தை நிரப்புகிறவன் நான்தான். இருபதுக்கு மேற்பட்ட பக்கங்கள். முந்தின வருடப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாணவர் தொகையை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே பார்த்து எழுதுவோம். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. யாரும் வாசிக்கவுமில்லை.

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “நளீர் சேர், போன கிழமை நீங்க வந்து ஒரு அகராதி எடுத்துக்கிட்டுப் போனீங்கதானே?”

அவ்வளவுதான். என் காது இரண்டும் சுட்டது. ஸப்னா டீச்சர், “யா அல்லாஹ்” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று பேருமாக அதிபரிடம் போனோம். மீராசாஹிபு சேர் நல்ல மனிதர். படிவத்தை இரண்டு தரம் பார்த்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அதிபரின் கையொப்பம் இருந்தது. கடைசி நாலும் அவருடையது.  பிறகு, “டீச்சர், குடும்பக் காரணம் காட்டி ஒரு மேன்முறையீடு எழுதுங்க. உம்மாவுக்குச் சுகமில்லயெண்டு போடுங்க. நான் சிபாரிசு பண்றன்” என்றார்.

“உம்மா நல்ல சுகமா இரிக்காவே சேர்.”

“ஒரு கதைக்கிச் சொன்னன்.”

“என்னைய இஞ்ச நிப்பாட்டுறத்துக்கு எழுதவேணாம் சேர். லைப்ரரி இரிக்கி எண்டு எழுதுங்க.”

“வாற வருசப் படிவத்துல மாத்துவம், இன்ஷா அல்லாஹ்.”

“வாற வருசம் நான் கோமாரியில இரிப்பன். லைப்ரரி அறைக்குள்ள திரும்பவும் உடைஞ்ச கதிரதான் இரிக்கும்.”

அந்தக் குரலில் அவர் கதைத்து நாங்கள் கேட்டதேயில்லை. அதிபரும் திகைத்துப் போனார். வியாழக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் இருபது நிமிடம் வேண்டுமென்று டீச்சர் கேட்டார். கிடைத்தது.

கூட்டத்துக்குப் போனபோது, அழப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சிலர் ஆறுதல் வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தார்கள். அவர் முன்னால் வந்து நின்றார். கையில் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று. படிவத்தைப் பற்றி இரண்டு வசனம்தான் சொன்னார். பிறகு கொப்பியைத் திறந்தார்.

“போன வருசம் ஆறாம் தரப் புள்ளையள் நூலகப் பாடத்துக்கு வரக்குள்ள, யார் எந்தப் புத்தகம் வாசிப்பாங்க எண்டு பாக்கிறதுக்காக ஒவ்வொராளா இருக்கவெச்சு அரைப் பக்கம் வாசிக்கச் சொன்னன். ஒரு புள்ள தமிழ்ப் பாடப் புத்தகத்தில இருந்து கடகடவெண்டு வாசிச்சா. ஒரு பிழை இல்ல. மாஷா அல்லாஹ் எண்டு குனிஞ்சு பாத்தன். அவ வேற பக்கத்தத் திறந்து வெச்சிருந்தா.”

அறையில் ஒருவர் சிரித்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார்.

“அவ வாசிக்கல்ல. வகுப்புல கேட்டுப் பாடமாக்கினதச் சொல்றா. ஒரு கதைப் புத்தகத்தக் குடுத்தன். முதல் சொல்ல எழுத்துக்கூட்டவே அவக்கு ஏலல்ல. அதுக்குப் புறகுதான் எல்லாருக்கும் தெரியாத புத்தகம் குடுத்துப் பாக்கத் தொடங்கின. நூத்திப் பன்ரெண்டு புள்ளையள். முப்பத்தொரு பேருக்கு வாசிக்கத் தெரியா.”



ஸப்னா டீச்சர் எழும்பினார். அதற்கு முந்தின வருடம் ஆறாம் தரத்தில் ஒரு வகுப்பு அவருடையது. “என்ட வகுப்புலயுமா? தமிழில எழுவது எடுத்த புள்ளையள் அவங்க!”

“ஓம் டீச்சர். எழுவது எடுத்த புள்ளையும் இதில இரிக்கா. பேர்கள இஞ்ச சொல்லமாட்டன். வகுப்பாசிரியர்மாருக்குத் தனித்தனியாக் கடதாசி எழுதி வெச்சிருக்கன்.”

ஸப்னா டீச்சர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் அப்போது ஏழாம் தரம். அவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறவன் நான். கூட்டல், பெருக்கல் கொடுத்தால் செய்வார்கள். ‘ஒரு விவசாயியிடம் இருந்த நெல் மூட்டைகளில்’ என்று கேள்வி தொடங்கினால் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். அதற்கு முந்தின கிழமைதான் ஒரு பிள்ளையிடம், “மூளையக் கழட்டி வீட்டில வெச்சிட்டா வந்த?” என்று கேட்டிருந்தேன். முழு வகுப்பும் சிரித்தது. 

“இதில என்ட பிழையும் இரிக்கி,” என்றார் சுல்பிகா டீச்சர். அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. “எட்டு மாசமா இது எனக்குத் தெரியும். லைப்ரேரியனுக்கு இதில என்ன வேல எண்டு கேப்பீங்களோ எண்டு பயந்து வாய மூடிக்கிட்டு இருந்த. படிவத்தில நீங்க இல்லயெண்டு எழுதினீங்க. நானும் இல்லாத ஆள் மாதிரித்தான் இருந்திரிக்கன்.”

பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். ஆசிரியர் வராத வகுப்பை நூலகத்துக்கு அனுப்பக்கூடாது. அந்த நேரத்தில் முப்பத்தொரு பிள்ளைகளையும் சிறு குழுக்களாக அவரிடம் விடவேண்டும். அடுத்த மாதம் என்ன பாடம் என்று நாங்கள் முன்கூட்டியே சொன்னால், அதற்கான புத்தகங்களை எடுத்து வகுப்புக்கே அனுப்புவார். பாட நேரசூசி போடுகிற கூட்டத்தில் அவருக்கும் ஒரு கதிரை வேண்டும். இருபது நிமிடம் கேட்டவர் ஒரு மணித்தியாலம் கதைத்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்றே திருத்தக் கடிதத்தை எழுதினேன். ஏழு வருடமாகத் தவறாக எழுதியவன் நானே என்று என் பெயரைப் போட்டேன். அதிபர் வாசித்துப் பார்த்து, ‘நானும் வாசிக்காமல் கையொப்பமிட்டேன்’ என்று தன் கையால் ஒரு வரி சேர்த்தார். இருபத்தேழு ஆசிரியர்கள் கையொப்பமிட்டோம்.

மூன்றாம் கிழமை உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் பார்க்க வந்தார். நூலக வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஒரு மூலையில் ஆறு பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள், சுவரெல்லாம் புத்தகம். “டீச்சர், இதெல்லாம் எப்ப வந்தது?” என்று கேட்டார். சுல்பிகா டீச்சர் 2013ஆம் ஆண்டின் முதல் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் அரைமணி நேரம் அதைப் புரட்டினார்.

கடமையேற்கும் திகதியை இரண்டு தரம் தள்ளிப்போட்டார்கள். ஏழாம் கிழமை கடிதம் வந்தது. இடமாற்றம் ரத்து. பதவி: ஆசிரிய நூலகர். நாங்கள் கைதட்டினோம், யாரோ வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டீச்சருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவர் போயிருக்க வேண்டிய பாடசாலையின் அதிபர் நல்லரெத்தினம். “வருவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தம் டீச்சர். எங்களிட்டத் தமிழுக்கு ஆளில்லாமல் ரெண்டு வருசம். பரவாயில்ல, உங்கட பக்கம் நியாயம் இருக்கு,” என்றிருக்கிறார். பேசி வைத்துவிட்டு டீச்சர் என்னிடம் வந்தார். இடமாற்றக் கடிதம் வந்த அன்று கந்தோரில் எப்படி வெளுத்திருந்தாரோ தெரியாது, அன்று நான் பார்த்த முகத்தில் இரத்தமே இல்லை.

“அங்கயும் புள்ளையள் இரிக்காங்க எண்டு ஒரு தரமாவது நான் யோசிக்கல்ல சேர்.”

 அந்தச் சனிக்கிழமையே கணவர் நஜீமின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கோமாரிக்குப் போனார். அங்கே செல்லத்தங்கம் என்ற ஆசிரியைக்கு, பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். தமிழ் ஆசிரியர் ஒருவரை அங்கே அனுப்பவேண்டும் என்று கல்வித் திணைக்களத்துக்குத் தன் பெயரிலேயே எழுதினார். இன்னும் ஆள் போகவில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார்.

முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் வருட முடிவில் வாசித்தார்கள். நான் ஏசிய பிள்ளை அதில் இல்லை. அவன் கிழமைக்கு மூன்று நாள் என் பாடவேளையில் எழும்பி நூலகத்துக்குப் போகிறான். நானே அனுப்புகிறேன்.

இந்த வருடம் புதிய ஆறாம் தரத்தை முதல் மாதத்திலேயே சோதித்தோம். சுல்பிகா டீச்சர் முறையைக் காட்ட, நாங்கள் எட்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு மேசையில் இருந்தோம். என் மேசைக்கு வந்த நாலாவது பிள்ளை புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. முடிவில் கூட்டிப் பார்த்தால் வாசிக்கத் தெரியாதவர்கள் இருபத்தொன்பது பேர். ஒரு வருடம் இவ்வளவு பாடுபட்டும் இரண்டுதான் குறைவா என்று எனக்குப் பகீரென்றது.

“இது போன வருசப் புள்ளையள் இல்லயே சேர், புதுசா வந்தவங்க,” என்றார் டீச்சர். “இவங்க அஞ்சாம் தரம் வரைக்கும் படிச்ச பாடசாலையில லைப்ரரி யாரிட பொறுப்பில இரிக்கி எண்டு கேட்டுப் பாப்பம்.”

அடுத்த நாள் முதலாம் மணி அடிப்பதற்கு முன்பே டீச்சர் அந்தப் பாடசாலை வாசலில் போய் நின்றிருக்கிறார்.