பானுமதியின் கியர் வண்டி

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் மனைவி பானுமதி அந்த ரகம் இல்லை. முயலைத் தூக்கி நம் மடியில் வைத்து, ஒவ்வொரு காலாக எண்ணச் சொல்லி, நம் வாயாலேயே மூன்று என்று சொல்ல வைக்கிறவள்.

இருபத்து நான்கு வருஷமாக ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். நரம்பே தெரியாத ஆளுக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். சொந்த ஊர் கமுதிப் பக்கம். அதனாலோ என்னவோ, மழை என்றால் உயிர். ஆகஸ்டில் வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கும்போது ஓமானில் சலாலா மலையில் மட்டும் தூறல் விழும், புல் முளைக்கும். அதில் பத்து நாள் நனைய வேண்டும் அவளுக்கு. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு என் ஆசைக்கும் சேர்த்துத்தான், ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினேன். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. ஏழு மீட்டர் நீளம்.

போன வருஷம் ஆகஸ்டில் அதை எடுத்துக்கொண்டு போன முதல் பயணத்திலேயே, சலாலா மலைமேல், பட்டப்பகலில், எனக்கு நெஞ்சு வலி வந்தது.

நாங்கள் வண்டியை நிறுத்தியிருந்த பள்ளத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. பெரிய வண்டியோ கியர் வண்டி. அதை இவள் தொட்டதே இல்லை. தொட்டிருந்தாலும் முட்டுக் கொடுத்த ஜாக்கியை எடுத்து, பக்கத்தில் விரித்த பந்தலைச் சுருட்டி, சேற்றிலிருந்து அதைக் கிளப்பவே அரைமணி நேரம் ஆகும். பானுமதி ரோட்டுக்கு ஓடினாள். பனிமூட்டத்தில் போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஒட்டகத்துக்குத் தீவனம் ஏற்றி வந்த ஓமானிக் கிழவர் ஒருவர் நிறுத்தி, என்னைத் தன் பிக்கப்பில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வலி ஆரம்பித்ததிலிருந்து இரண்டரை மணி நேரம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஸ்டென்ட் வைக்க ஆள் இருந்திருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார்.

ஷார்ஜா திரும்பியதும், வண்டியை விற்றுவிடலாம் என்று நான்தான் பேச்செடுத்தேன்.

"எதுக்கு விக்கணும்?" என்றாள்.

"மறுபடி வந்தா?"

"வந்தா நான் உங்களக் கொண்டுபோய்ச் சேக்கணும். அதுக்கு என்ன வழின்னு பாப்போம். பயந்துக்கிட்டு ஏசியப் போட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா மட்டும் நெஞ்சு வலி கதவத் தட்டிட்டா வரும்?"

அவள் கண்டுபிடித்த வழி, பெரிய வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது. வெள்ளைக்காரர்கள் அப்படிப் போகிற வீடியோக்களை எனக்கே போட்டுக் காட்டினாள். சலாலாவில் வாடகைக்கு ஒரு கார் எடுத்தால் போதாதா என்றேன். நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் பாலைவனம் கிடக்கிறதே, அங்கே யார் வாடகைக்குத் தருவார்கள் என்று கேட்டாள்.

கார் தேடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவளிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் லைசென்ஸ். இங்கே அந்த லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கியர் வண்டியைத் தொடக் கூடாது. எனவே சின்னதாய், சிவப்பாய், அழகாய் ஒரு ஆட்டோமேட்டிக் காரைப் பார்த்து, அட்வான்சும் கொடுத்துவிட்டு, பானுமதியையும் ஏற்றிக்கொண்டு ஜம்பமாக கார்மேகத்தின் கேரேஜுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கார்மேகம் சிவகங்கைக்காரன். ஷார்ஜா தொழிற்பேட்டையில் எங்கள் மோட்டார் ஹோமுக்கு அவன்தான் வைத்தியன்.

அவன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"சார், இத எப்படி இழுக்கப் போறீங்க?"

"நாலு சக்கரமும் தரையில உருள, முன்னாடி கம்பி போட்டு."

"கலாஸ், கதை முடிஞ்சுது. சலாலா போய்ச் சேர்றதுக்குள்ள கியர்பாக்ஸ் வெந்து போயிரும். இந்த மாதிரி ஆட்டோமேட்டிக்ல இன்ஜின் ஓடுனாத்தான் உள்ளுக்குள்ள ஆயில் சுத்தும். இன்ஜின நிறுத்திட்டு இழுத்தா சக்கரம் மட்டும் சுத்தும், ஆயில் சுத்தாது. கியர் வண்டின்னா நியூட்ரல்ல போட்டுட்டு இழுத்துட்டே போகலாம், அதையும் அந்த மாடலுக்குச் சரியான்னு பாத்துத்தான்."

படித்த எலெக்ட்ரிகல் என்ஜினியர் நான். ஆழம் தெரியாமல் காலை விட்டதை, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நின்ற கார்மேகம் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று மீசையில் மண் ஒட்டாததுபோலக் கேட்டேன். பதில் பானுமதியிடமிருந்து வந்தது.

"மழையில, நீங்க உள்ள கெடக்கும்போது, நான் ஒத்தையா அந்தப் பலகையப் போட்டுக் கார எறக்கணுமா? கார்மேகம், கம்பியில கட்டுனா கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு பின்னு, ஒரு சங்கிலி, ஒரு ஒயரு. பழகிட்டா மூணு நிமிசம்க்கா."

"அப்ப கியர் வண்டி பாரு."

மறு வாரம் பழைய கார்ச் சந்தைக்குப் போனோம். கார்மேகம் எடையையும், முன்பக்கம் கம்பி மாட்ட உறுதியான இடம் இருக்கிறதா என்பதையும், சாவியைத் திருப்பி வைத்தால் ஸ்டியரிங் பூட்டாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தான். பானுமதி பார்த்தது வேறு.

"ஏங்க, உடம்ப லூசா விடுங்க" என்றாள்.

"என்னது?"

"மயக்கம் வந்த மாதிரி தொங்குங்க. நான் உங்கள உள்ள ஏத்த முடியுதான்னு பாக்கணும்."

எண்பத்து நான்கு கிலோ ஆள் நான். வெயிலில், நாலைந்து பட்டான் வியாபாரிகள் வேடிக்கை பார்க்க, காருக்குக் கார் என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி முன் சீட்டில் திணித்தாள். ஒன்றில் என் தலை இடித்தது. ஒன்றில் கதவு முழுசாகத் திறக்கவில்லை. இன்னொன்றில் சீட் படுக்கை மாதிரி சாயவில்லை. "பாய், மேடம் உங்களை விற்கப் போகிறாரா?" என்று ஒரு வியாபாரி ஹிந்தியில் கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் காதிலேயே வாங்கவில்லை. அடுத்த காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஒன்பதாவது கார்தான் தேறியது. வெள்ளை நிறம், ஐந்து கதவு, ஏதோ மருந்துக் கடைக்கு டெலிவரிக்கு ஓடிய வண்டி. கதவில் ஸ்டிக்கரை உரித்த தடம் பச்சையாக நின்றது. பார்க்கச் சகிக்காது. ஆனால் கதவு அகலத் திறந்தது, சீட் நன்றாகச் சாய்ந்தது, பானுமதியின் கால் மூன்று பெடலுக்கும் எட்டியது.

"இதுதான்" என்றாள்.

"உனக்கு இத ஓட்ட லைசென்ஸ் இல்லையே பானு."

"எடுத்துட்டாப் போச்சு."

போச்சு என்று சுலபமாகச் சொன்னாளே தவிர, அவளுக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கும் உள்ள பகை எனக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஆட்டோமேட்டிக் லைசென்ஸை ஏழாவது டெஸ்டில்தான் வாங்கினாள். ஆறாவது தடவை தோற்றபோது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். இனி ஜென்மத்துக்கும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தவள். "அவசரத்துக்குத்தானே, லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுனா என்ன?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"வழியில யாரையாவது இடிச்சா? அவன் நெஞ்சுக்கு யாருங்க பதில் சொல்றது?"

ஐம்பத்து மூன்று வயதில், கல்லூரிப் பெண்களுக்கு நடுவில், மறுபடி வகுப்புக்குப் போனாள். சொல்லிக் கொடுத்தவர் நஸ்ரீன் என்கிற லாகூர்க்காரப் பெண்மணி. அடிக்கடி அவர் சொல்கிற வார்த்தைகளை இவள் வீட்டில் நடித்துக் காட்டுவாள். "மேடம், ஆராம் சே, ஆராம் சே! ஆதா க்ளட்ச்!" மெதுவாக, மெதுவாக, பாதி க்ளட்ச். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியைக் கிளப்புவதுதான் அவளுக்கு எமனாக வந்தது. சாப்பாட்டு மேஜைக்கடியில் ஒரு பழைய தலையணையைப் போட்டு, சீரியல் பார்க்கும்போதெல்லாம் இடது காலால் அதை அமுக்கி, மயிரிழை மயிரிழையாகத் தூக்குவாள். அந்தத் தலையணை செத்தே போனது. கனடாவில் இருக்கும் எங்கள் மகள் மஹதி வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, யூ ஆர் க்ரேஸி" என்றாள். "ஆமாடி" என்று சொல்லிவிட்டு இவள் காலைத் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

மே மாதம் முதல் டெஸ்ட். மேட்டில் வண்டி பின்னால் உருண்டது, தோல்வி. ஜூன் மாதம் இரண்டாவது. மேட்டைத் தாண்டிவிட்டாள், ரவுண்டானாவில் வண்டி அணைந்துபோனது. பின்னால் நின்ற லாரிக்காரன் அடித்த ஹார்னில் க்ளட்ச்சைப் படக்கென்று விட்டுவிட்டாளாம். அன்றைக்குக் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தை நான் எதிர்பார்த்தேன். அவளோ செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே போனில் அடுத்த தேதி வாங்கினாள்.

ஜூலை கடைசியில் மூன்றாவது. நான் வெளியே காரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஒரு தாளோடு வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"கார்மேகத்துக்குப் போன் போடுங்க. கம்பிய மாட்டச் சொல்லுங்க."

கம்பி மாட்டி, பின் விளக்குக்கு ஒயர் இழுத்து, சோதனைக்குக் காட்டி, இழுத்துப் போக அனுமதியும் ஓமானுக்கு இன்சூரன்சும் வாங்கிக்கொண்டு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கிளம்பினோம். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, சின்ன காரின் சக்கரங்களைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும் என்பது கார்மேகத்தின் கட்டளை. தொட்டுப் பார்த்தது பானுமதிதான். ஜுரக்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொடுவாள். மூன்றாம் நாள் தும்ரைத் என்கிற ஊரைத் தாண்டி மலை விளிம்புக்கு வந்தோம். அதுவரை வெறும் மண்ணாக இருந்த ஊர் ஒரு வளைவுக்கு அப்புறம் பச்சையாகி, கண்ணாடியில் தூறல் விழுந்தது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டுவாள் என்று பார்த்தேன். நீட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

மலைமேல் வண்டியை நிறுத்தி ஜாக்கி போட்டேன். மத்தியானம் பன்னிரண்டரை மணி. சோறு வைக்கலாமா என்று கேட்டேன்.

"படுங்க" என்றாள்.

"ஏன்?"

"உங்களுக்கு நெஞ்சு வலி வந்திருச்சு. பேசாதீங்க."

சிரிக்கப் பார்த்தேன், அவள் முகம் சிரிக்க விடவில்லை. படுத்தேன். அவள் மணியைப் பார்த்தாள், மழையில் இறங்கினாள். கம்பியின் பின்னுகள் கழல்கிற சத்தம், சங்கிலி விழுகிற சத்தம். திரும்பி வந்து என்னைத் தோளில் சாய்த்து, இழுத்து, முன் சீட்டில் கிடத்தி, பெல்ட் போட்டாள். முதல் கியர். வண்டி குலுங்காமல் கிளம்பியது.

பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. நடுவில் ஒரு ஏற்றத்தில் ஒட்டகக் கூட்டம் குறுக்கே வந்தது. நிறுத்தினாள். எங்கள் பின்னால் ஒரு பெரிய ஜீப் முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. ஒட்டகங்கள் சாவகாசமாக எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் "ஆதா க்ளட்ச், ஆதா க்ளட்ச்" என்று தனக்குத்தானே சொல்வது கேட்டது. கார் ஒரு சாண்கூடப் பின்னால் போகவில்லை.

ஆஸ்பத்திரியின் அவசர வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, நோயாளி எங்கே என்று அரபியில் கேட்டார். "மாஃபி, மாஃபி, சுக்ரன்" என்று, நோயாளி யாரும் இல்லை, நன்றி என்கிற அர்த்தத்தில் கும்பிட்டாள். அவர் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுப் போனார். வண்டியை ஓரமாக விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு நிமிஷம்.

"பாஸ்" என்றேன் நான்.

அவள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தாள். தோள் குலுங்கியது. இந்த வருஷம் இரண்டு டெஸ்டில் தோற்றபோதும் அழாதவள் இப்போது விக்கி விக்கி அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள். "ஒரு வருஷமா, நீங்க தூங்குனப்புறம் உங்க மூக்குல கை வச்சுப் பாத்துட்டுத்தான் நான் படுக்கிறேன். ரெண்டு தடவ, மூணு தடவ எந்திரிச்சுப் பாப்பேன். மூச்சு வருதான்னு."

எனக்குத் தெரியாது. குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். தலையணையை மிதிக்கிறாளே என்று கேலி பேசினேன். முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் ஒன்றும் அறியாமல் கிடந்த என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாள்.

மலைக்குத் திரும்பியதும் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஈரச் சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு படுத்தாள். இரண்டு மணிக்குப் படுத்தவள், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் கண் விழித்தாள். நடுவில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது, ஆனால் நான் அவளை எழுப்பவில்லை.