பின் அறைப் பளிங்கு

ஞானசீலன் இதைப் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னார். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

1978 ஜூலை. ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு தோட்டத்துரையின் பழைய பங்களா அப்போது சிறிய அருங்காட்சியகமாக இருந்தது. ஞானசீலன்தான் பொறுப்பாளர். தனக்குக் கீழே வேலை செய்பவர்களைப் படுத்தி எடுப்பவர்.

பின் அறையில் ஒரு பளிங்குப் பெண் சிலை. ரோமாபுரிக் காலத்தது, பாதியில் விட்ட வேலை என்று பலகை சொன்னது. உதடும் வலது கையும் உயிரோடு இருப்பதுபோல இருக்கும். கண் வர வேண்டிய இடத்தில் மட்டும் கரடுமுரடான கல்.

அந்த அறைக்குள் போகவே மாட்டேன் என்றாள், துப்புரவு வேலை பார்த்த வேலாமணி.

"தெனமும் கூட்டறனுங்க சார். மறுநா வந்து பாத்தா, அது காலடியில வெள்ளத் தூளு கெடக்குதுங்க. யாரோ கொத்தறாங்க."

"சுண்ணாம்பு உதிருது. போய்க் கூட்டு."

"பயமா இருக்குதுங்க..."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பயத்தைத் தெளியவைக்கிறேன் பார் என்று அவளை உள்ளே தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

பிற்பகல் 3.40. பகல்தான். ஆனால் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

வேலாமணி கதவைத் தட்டினாள். அழுதாள். கெஞ்சினாள். அவர் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தார்.

3.52. தட்டுவது நின்றது.

3.55. வேறு சத்தம்.

டக்... டக்... டக்...

கல்லில் உளி விழும் சத்தம்.

துடைப்பக் கட்டையால் தட்டி ஏமாற்றுகிறாள் என்று நினைத்தார். திறக்கவில்லை.

3.58. அலறல். ஒரே ஒரு அலறல்.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

வேலாமணி தரையில் கிடந்தாள். முகமெல்லாம் வெள்ளைத் தூள்.

"சார்... ஏனுங்க லைட்ட அணைச்சீங்க?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சிலைக்கு இரண்டு கண்கள்...

திறந்த கண்கள்.

வேலாமணிக்குப் பார்வை திரும்பவே இல்லை. கோயம்புத்தூர் டாக்டர்களுக்கும் காரணம் பிடிபடவில்லை. அவளே கண்ணில் சுண்ணாம்பைப் போட்டுக்கொண்டாள் என்று மேலிடத்துக்கு எழுதி, வேலையிலிருந்தும் அவளை நீக்கினார் ஞானசீலன்.

எட்டு மாதம் கழித்து, துரையின் பேத்தி லண்டனிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். 1909-இல், அந்தப் பளிங்கு ஊட்டி ரயிலடியில் வந்து இறங்கியபோது எடுத்தது. பின்பக்கத்தில் துரையின் கையெழுத்து: 'ரோமிலிருந்து வந்த என் பளிங்கு.'

ஞானசீலன் படத்தைத் திருப்பினார்.

உதடு இல்லை. கை இல்லை. பெண்ணே இல்லை.

மாட்டு வண்டியில், உளியே படாத ஒரு சதுரக் கல்.