ஞாயிற்றுக்கிழமை அண்ணா

படிவங்களில் தொழில் என்ற இடத்தில் 'நடிகர்' என்று இருபத்திரண்டு வருடங்களாக எழுதி வருகிறேன். லண்டனில் அப்படி எழுதினால் அலுவலர் நிமிர்ந்து பார்த்து, உங்களை எதில் பார்த்திருக்கிறேன் என்று கேட்பார். நான் நடித்தவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வாடிவிடும். ஒஸ்லோவில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே ஒன்றும் கேட்காமல் அடுத்த படிவத்தைத் தந்துவிடுவார்கள்.

மூன்று வயதில் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டவன் நான். கிழக்கு லண்டனில், கோழி பொரிக்கும் கடையொன்றுக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணா, அக்கா, நான். என் முதல் மேடை அந்த வீட்டின் பின்னறை. அண்ணாவுக்குப் பதினாறு வயது; பள்ளிச் சோதனை முடியும்வரை வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அவரோ பின்படியால் இறங்கிக் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவார். நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் அதே படியால் ஏறி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய இரசாயனப் புத்தகத்தை அவருடைய குரலில் வாசிப்பேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அண்ணா எதைச் சொல்லுமுன்னும் ஒருதரம் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலைப் பிடித்துவிட்டால் மிச்சம் தானாக வரும். அம்மா கதவடியில் தேத்தண்ணி வைத்துவிட்டு, "ராசா, ஆறமுதல் குடிச்சிட்டுப் படி" என்பார். நான் செருமிவிட்டு, "ஓமணை அம்மா" என்பேன். அம்மா போனதும் தேத்தண்ணியையும் நானே குடிப்பேன். அண்ணாவின் தேத்தண்ணியில் எப்போதும் சீனி ஒரு கரண்டி கூட இருக்கும். வீட்டில் அண்ணா மட்டும்தான் ராசா. நான் வெறும் தம்பி. அது எனக்கு உள்ளூர எரிச்சல்தான், பொய் சொல்லவில்லை.

நாடகப் பள்ளிக்குப் போகப் போகிறேன் என்றபோது அப்பா மூன்று வாரம் என்னோடு கதைக்கவில்லை. அண்ணாதான் இடையில் நின்றார். "அவனுக்கு வேறை ஒண்டும் வராதணை, விடுங்கோ" என்று அவர் சொன்னதைப் புகழ்ச்சியாக எடுப்பதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பள்ளியில் குரற்பயிற்சி தந்த ஆசிரியை ஒருநாள், உன்னிடம் எல்லோருடைய குரலும் இருக்கிறது, உன்னுடையதை மட்டும்தான் இன்னும் நான் கேட்கவில்லை என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு எனக்குக் கிடைத்தவை நிறம் பார்த்துத் தரப்பட்ட வேஷங்கள். கடைக்காரன், வாடகைக் கார் ஓட்டுகிறவன், கெட்ட செய்தி சொல்ல வரும் டொக்டர். தொலைக்காட்சியில் எனக்குக் கிடைத்த முதல் வேஷத்துக்கு வசனமே இல்லை. பிணவறை மேசையில் கால் பெருவிரலில் அட்டை கட்டிக் கிடக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக் கிடப்பதில் நான் கெட்டிக்காரன் என்று இயக்குநர் பாராட்டினார். அது ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். துணியை விலக்கி என் முகத்தைக் காட்டிய கணத்தில் அம்மா எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதிரையில் இருத்தினார். செத்தல் மிளகாயும் உப்பும் கைப்பிடிக்குள் வைத்துத் தலையை மூன்று தரம் சுற்றி, அதில் மூன்று தரம் துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டு நாவூறு கழித்தார். செத்தவனாக வேஷம் போட்டவனைச் சும்மா விட்டால் அந்த வேஷம் அவனைவிட்டுப் போகாது என்பது அம்மாவின் கணிப்பு. வீடு முழுக்க மிளகாய்ப் புகை. அண்ணா இருமி இருமிச் சிரித்தார். அதன்பிறகு நான் நடித்த எதையும் அம்மா பார்க்கவில்லை. அண்ணா ஒன்றையும் தவறவிட்டதில்லை. மூன்றாம் வரிசையில் இருந்துகொண்டு, சிரிக்கக் கூடாத இடங்களில் சிரிப்பார்.

வேஷங்கள் குறையத் தொடங்கியபோது அக்கா ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டார். அவர் கலியாணம் கட்டி இங்கே வந்து, நகரை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்தார். அப்பா இறந்தபின் அம்மாவும் அந்த வீட்டுக்கே வந்துவிட்டார். நான் நகருக்குள், ட்வெய்ட்டாவில் ஓர் அடுக்குமாடியில் ஓர் அறையும் குசினியுமாக இருக்கிறேன். என் தொழில் இப்போது குரல். கப்பலில் உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது என்று ஆங்கிலத்தில் சொல்லும் ஆள் நான்தான். அதை யாரும் கவனிப்பதில்லை. எல்லோரும் ஜன்னல் பக்க இடம் பிடிப்பதில் இருப்பார்கள்.

லண்டனில் எஞ்சியிருந்தவர் அண்ணா மட்டும். தனியாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் காலை பதினொரு மணிக்கு அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பார்.

போன வருடம் அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லி, முறைக்காகக் காத்திருக்க வைத்திருந்தார்கள். அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று டொக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த நாட்களில்தான் அண்ணா செத்துப்போனார். வேலைக்குப் போக உடுத்தபடி சமையலறையில் விழுந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். தொலைபேசி மேசையில் இருந்தது. அவர் அதை நோக்கிக் கையை நீட்டியபடி தரையில் கொஞ்சத் தூரம் நகர்ந்திருந்தார். உடனே போன உயிர் இல்லை என்று அங்கே ஒரு பொலிஸ்காரர் என்னிடம் சொன்னார். அவரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

"அம்மாட்டை இப்ப சொல்லக்கூடாது. ஒப்பரேசன் முடியட்டும்" என்றார் அக்கா.

எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. நோயாளிக்குச் சாவுச் செய்தியை மறைப்பதில் நாங்கள் எல்லோரும் பழகியவர்கள். லண்டனில் வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய் நான்தான் கொள்ளி வைத்தேன். கொள்ளி வைப்பவன் மழிக்க வேண்டும் என்பதால் மீசையும் தாடியும் போய்விட்டன. திரும்பி வந்தபோது அம்மா என் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"ஒரு வேஷத்துக்கு அம்மா. டொக்டர் வேஷம்."

"டொக்டர்மாருக்கு மீசை இருக்கக் கூடாதோ?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு வரப்போகிறது, பதினொரு மணிக்கு என்ன செய்வது என்று அக்காவும் நானும் காருக்குள் இருந்து யோசித்தோம். "நீ சின்னனிலை செய்தனிதானே" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இதுவா கேட்கிற கேள்வி என்று கத்தினேன். கத்தி முடித்துவிட்டு ஒப்புக்கொண்டேன். புதிய இலக்கம் ஒன்று எடுத்தேன். அக்கா அதை அம்மாவின் தொலைபேசியில் அண்ணாவின் படத்தோடு பதிந்து வைத்தார்.

முதல் ஞாயிறு ட்வெய்ட்டா அறையில் நின்றபடி எடுத்தேன். செருமினேன். "சொல்லணை அம்மா" என்றேன். "ராசா!" என்றார் அம்மா. முப்பது வருடமாக நான் பொறாமைப்பட்ட சொல் என் காதுக்கு வந்தது அப்படித்தான். அன்று இருபது நிமிடம் கதைத்தோம். வீடியோவில் முகத்தைக் காட்டு என்றார். கமரா உடைந்துவிட்டது என்றேன். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறி லோறென்ஸ்கூக்குக்குப் போனேன். "அண்ணா எடுத்தவன்" என்றார் அம்மா என்னிடம். "எப்பிடி இருக்கிறாராம்?" என்று நான் கேட்டேன்.

இப்படியே ஞாயிறுகள் போயின. அண்ணாவாக இருக்கும்போது அம்மா என்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டேன். தம்பி வருகிறான், சாப்பிடுகிறான், ஒன்றும் கதைக்கிறானில்லை, அவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்பார். ஒருநாள் கேட்டார்: "நான் அவன்ரை நாடகம் ஒண்டும் பார்க்கேல்லை. நீ பார்த்தனியெல்லே. நல்லா நடிப்பானோ?"

"நல்லா நடிப்பானணை" என்றேன், அண்ணாவின் குரலில்.

"ஓம். எனக்கும் விளங்குது" என்றார்.

வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. துடக்கு, சாவுத் தீட்டு. கலியாணம் கட்டிப்போன பெண்ணுக்கு உடன்பிறந்தவனின் துடக்கு எத்தனை நாள் என்று அக்காவும் நானும் வாக்குவாதப்பட்டோம். பெற்ற தாயே அந்த வீட்டில் இருக்கும்போது நாள் குறைக்க முடியாது என்று அக்கா முடிவெடுத்தார். முப்பத்தொரு நாளும் சாமித் தட்டில் விளக்கில்லை, கோயிலில்லை, மீனில்லை. பெற்ற தாயிடம் வாய் கூசாமல் பொய் சொன்ன எங்களுக்கு, துடக்கோடு ஒரு திரி கொளுத்தத் துணிவு வரவில்லை. விளக்கு ஏன் இல்லை என்று அம்மா கேட்டபோது, கூரையில் இருக்கும் புகை அலாரம் பழுது, சின்னப் புகைக்கும் கத்துகிறது, மாற்றும்வரை பொறுங்கள் என்று அக்கா சொன்னார். மீனைப் பற்றி அம்மா கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கூட்டிப்போ என்று நிற்பவர், கால் நோகிறது என்று தானாகவே சொல்லிவிட்டார். எங்களுக்குப் பெரிய நிம்மதி.

முப்பத்தொன்று கழிந்தது. ஒப்பரேசனும் நல்லபடி முடிந்தது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே செய்தார்கள், நாலாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். இனிச் சொல்ல வேண்டியதுதான். அக்கா ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றார். நானும் அவசரப்படுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே மனமில்லை. வாரத்தில் இருபது நிமிடம் அந்தச் செருமல் உலகத்தில் இருந்தது. என் தொண்டையில்தான் என்றாலும் இருந்தது. அதை நிறுத்தினால் அண்ணா இரண்டாம் தரம் சாவார்.

ஒன்பதாவது ஞாயிறு. பதினொரு மணி. செருமினேன். "சொல்லணை அம்மா."



"ராசா, ஒண்டு கேட்கோணும். மறைக்காமல் சொல்லு. உனக்கு நோகேல்லையே?"

"என்னணை?"

"அந்த நேரம். நோகேல்லையே ராசா?"

 கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீட்டிய கை, மேசைமேல் தொலைபேசி, பொலிஸ்காரர் சொன்னது எல்லாம் ஒன்றாக வந்தன. இனி நான் யாராகப் பேசுவது? வாயைத் திறந்தால் அண்ணா வரவேண்டும். மூன்று தரம் செருமினேன்.

"இல்லையம்மா. நோகேல்லை. ஒண்டும் தெரியேல்லை. நித்திரை மாதிரி."

"தனிய இருந்தனி."

"ஓமணை. ஆனால் பயப்பிடேல்லை."

"அப்ப சரி" என்றார் அம்மா. மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "இனி நீ எடுக்கவேண்டாம் ராசா. தம்பிக்குக் கரைச்சல்."

தொலைபேசியை வைக்கத் தெரியாமல் எப்போதும் அக்காவைக் கூப்பிடுகிறவர், அன்று தானே அழுத்தி வைத்தார்.

நான் பஸ்ஸில் எப்படிப் போனேன் என்று தெரியாது. சமையலறைக்குள் அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வெளிறிப்போய்ச் சுவரோடு நின்றார்.

"எப்ப தெரியும் அம்மா?" என்று கேட்டேன்.

"அலாரம் பழுதெண்டு விளக்கு வைக்கேல்லை. அதே அலாரத்துக்குக் கீழை உன்ரை அக்கா அப்பளம் பொரிக்கிறாள். நீ மழிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாய். விளக்கில்லாத வீட்டிலை செத்தது ஆரெண்டு யோசிக்க எனக்குக் கனநேரம் எடுக்கேல்லை. நீங்கள் ரெண்டுபேரும் கண்ணுக்கு முன்னாலை நிக்கிறியள்."

"பிறகேன் அம்மா சொல்லேல்லை?"

"குரல் வருதெல்லே" என்றார்.

பிறகு என்னைக் கதிரையில் இருத்தினார். அக்காவிடம் தாச்சியை அடுப்பில் காய வைக்கச் சொன்னார். அவர் கைக்குள் செத்தல் மிளகாயும் உப்பும் இருந்தன. என் தலையை மூன்று தரம் சுற்றினார். "துப்பு" என்றார். துப்பினேன். "ஒன்பது கிழமை செத்த பிள்ளையாய் நிண்டிட்டாய். போதும். இனி இறங்கு" என்று சொல்லிக் கையிலிருந்ததைத் தாச்சியில் போட்டார்.

மிளகாய் கருகிப் புகை எழுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் இருமல். ஒரு பழுதும் இல்லாத அந்த அலாரம் கூரையிலிருந்து வீடே அதிரக் கத்தத் தொடங்கியது. அக்கா பழக்கத்தில் துவாயை எடுத்துக்கொண்டு ஓடினார், புகையை விசிறி அலாரத்தை நிறுத்த.

"விடு பிள்ளை, கத்தட்டும்" என்றார் அம்மா.

அந்தச் சத்தத்துக்குள் நின்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.