பையன்களை வெளியே அனுப்பிய வகுப்பு

பதினொன்றாம் வகுப்பில் நான் ஒருவனைக் காதலித்தேன். அதே பள்ளியில் பன்னிரண்டாவது படித்தான். எங்கள் இருவர் வீடும் திருவொற்றியூரில். பள்ளி ராயபுரத்தில் இருந்ததால் தினமும் ஒரே ரயிலில் போய்வந்தோம். முதலில் எனக்கு இடம் பிடித்து வைப்பான். பிறகு, யாருடன் பேசினாய் என்று கேட்க ஆரம்பித்தான். சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிட்டு, வீடு முழுவதையும் காட்டச் சொல்வான். என் போட்டோக்களையும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான். எடுக்கத் தாமதமானால் மறுநாள் என் மணிக்கட்டில் அவன் விரல்கள் பதிந்திருக்கும். கைக்குட்டை கட்டி மறைத்துக்கொள்வேன். என்மேல் இவ்வளவு பைத்தியமாக இருக்கிறானே என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

ஒரு மதியம் பெண் வக்கீல் ஒருவர் பள்ளிக்கு வந்தார். பெண் பிள்ளைகளுக்கான சட்டங்களைப் பற்றிப் பேச்சு என்று சொல்லிப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவனும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

காதலிப்பவன் அடித்தாலும் அது குற்றம்தான், போட்டோவைக் காட்டி மிரட்டுவதும் குற்றம் என்றார் வக்கீல். என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள்.

"மேடம், எங்கப்பாகூட எங்கம்மாவ அடிப்பாரு. அப்பால பிரியாணி வாங்கினு வருவாரு. கோவம் யாருக்குத்தான் வராது?"

வகுப்பே சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை. "லவ் பண்றவன்கிட்ட முடியாதுன்னு சொல்ல உனக்குப் பயமா இருக்கா? அத மட்டும் யோசிச்சுப் பாரும்மா" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அன்று வாய் திறக்கவில்லை. விஷயம் வீட்டில் தெரிந்தால் என் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம், இனிமேல் கால் பண்ணாதே என்று அவனிடம் சொன்னேன். ரயில்வே பிளாட்பாரத்திலேயே என் கையைப் பின்னால் முறுக்கினான். "உன் போட்டோவ குரூப்ல போட்டுடுவேன்" என்றான். சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். "லவ்வர்ஸ் சண்டை, நமக்கு இன்னாத்துக்கு" என்று ஒருவர் நகர்ந்துகொண்டார்.

வீங்கிய கையோடு வீட்டுக்குப் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். "நாளையிலேர்ந்து நீ ஸ்கூலுக்குப் போவாணாம்" என்று கத்தினார்.

இறால் உரிக்கும் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா, என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இவ இன்னாத்துக்கு வூட்ல குந்தணும்? கைய முறுக்குனது அவன்" என்றாள்.

அப்பா என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஐஸ் வாங்கி வரப் போனார்.

மறுநாள் அம்மாவே என்னைப் பள்ளிக்கு அழைத்துப்போனாள். தலைமையாசிரியை எங்களிடம் புகார் எழுதி வாங்கிப் போலீசுக்கு அனுப்பினார். சீருடை போடாத பெண் போலீஸ் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொண்டார். அவனுக்கும் பதினெட்டு ஆகாததால் விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போனது. அவன் போனிலிருந்த என் படங்களை அழித்தார்கள். என்னை நெருங்கக் கூடாது என்று எச்சரித்து, கவுன்சிலிங்குக்குப் போகச் சொன்னார்கள். அவன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "பையன் வாழ்க்கை வீணாப் பூடும், வாபஸ் வாங்கிக்கோம்மா" என்று அழுதார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். புகாரை வாபஸ் வாங்கவில்லை. தெருவில் பேசத்தான் செய்தார்கள். பேசியதெல்லாம் என்னைப் பற்றித்தான்.

தலைமையாசிரியையிடம் அம்மா ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: "அன்னிக்கு அந்தப் பசங்கள ஏன் டீச்சர் வெளிய அனுப்புனீங்க?"

வக்கீல் மறுபடி வந்தபோது பையன்களும் உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "பொண்ணு வேணாம்னு சொல்ட்டா நாங்க இன்னாதான் மேடம் பண்றது?" என்றான். கிண்டலா, நிஜமாகவே தெரியாமல் கேட்டானா, எனக்குப் புரியவில்லை. வக்கீல் பேச்சை நிறுத்திவிட்டு, அவன் பக்கத்தில் போய் நின்று பதில் சொன்னார்.

நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன். அவன் எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போவதாகக் கேள்வி. மாறியிருக்கிறானா, தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது என் பொறுப்பில்லை என்று எனக்கும் கொடுத்த கவுன்சிலிங்கில் சொன்னார்கள். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது.