இஷ்பெல் வாங்கிவந்த மெசேஜ்

இஷ்பெலுக்கு ஊரில் இரண்டு பெயர். எதிரே நின்றால் இஷ்பெல், அந்தப் பக்கம் நகர்ந்ததும் வானொலி. ஸ்காட்லாந்தின் வடக்கே அந்த ஏரிக்கரையில் பிறந்து, அங்கேயே மர்டோவைக் கட்டிக்கொண்டு, கோடையில் வாடகைக்கு விடும் வெள்ளைக் குடிலைப் பார்த்துக்கொள்பவள். விருந்தாளிகள் வருமுன் கணப்பை மூட்டி, விரிப்பு மாற்றி, மேசையில் சுடச்சுட ஸ்கோன் ரொட்டி வைத்துவிடுவாள். வயிறு நிறைந்தவர்கள் மழையைத் திட்டமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. ஒரே மகன் கனடாவுக்கே போய்விட்டான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கணப்புக்கு மேலே படமாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மட்டும் வானொலி பேசாது.

அந்தப் பக்கத்தில் வீட்டுச் சாமான் வாங்கி வருவதை 'மெசேஜ் வாங்கி வருவது' என்றுதான் சொல்வார்கள். உருளைக்கிழங்கும் மெசேஜ், சோப்பும் மெசேஜ். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. லண்டனிலிருந்து வந்த லட்லோ குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்?

மூத்த மகளுக்குப் பிரசவம் அடுத்த மாதம்தானே என்று நம்பி, லட்லோ தம்பதி இரண்டு பையன்களோடு குடிலுக்கு வந்திருந்தார்கள். மறுநாள் மாலை காரில் ஏரியைச் சுற்றிப் போய், அக்கரையில் டூகல்ட் நடத்தும் மளிகைக் கடையிலிருந்து போன் போட்டால், வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மருமகன் சொன்னான். ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்த பெண். அந்தப் பதற்றத்தில் லட்லோ திரும்பி வரும்போது காரைச் சேற்றில் இறக்கிவிட்டார். கைபேசி வராத காலம், டூகல்ட் கடையை விட்டால் வேறு போன் கிடையாது. இதெல்லாம் இஷ்பெலுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

காலையில் படகை அவிழ்த்தபடியே குரல் கொடுத்தாள். "மிஸஸ் லட்லோ! டூகல்ட் கடைக்குப் போறேன். உங்க மெசேஜையும் வாங்கிட்டு வரட்டுமா?"

திருமதி லட்லோ செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "ஐயோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இதுல தெரிய என்ன இருக்கு? வந்து ரெண்டு நாளாச்சு, தேவைப்படத்தானே செய்யும். எது வேணும்னு சொல்லுங்க."

"எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். நல்லபடியா வந்தாப் போதும்."

இப்படியும் ஒரு தங்கமான மனுஷியா என்று இஷ்பெலுக்கு மனம் குளிர்ந்துபோனது. போன வாரம் தங்கியிருந்த ஆள், முட்டை ஓடு பழுப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர்.

அவள் திரும்பியபோது நான்கு பேரும் படகுத்துறையில் நின்றிருந்தார்கள்.

"ஆணா, பொண்ணா?" என்று லட்லோ கத்தினார்.

இஷ்பெல் பையைத் திறந்து பார்த்தாள். "உருளைக்கிழங்கு," என்றாள். "ஏழு பவுண்டு எடை. அப்புறம் முட்டை, நாலு மீன்."

திருமதி லட்லோ ஈரப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. மெசேஜ் கொண்டுவரேன்னு நீங்கதானே சொன்னீங்க..."

இஷ்பெலுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் முகம் காதுவரை சிவந்தது. பையைப் பையன்களிடம் எறிந்தாள். "ஏறுங்க படகுல."

எதிர்காற்று. அவள் துடுப்புப் போட்ட வேகத்தில் தண்ணீர் அவளையும் திருமதி லட்லோவையும் நனைத்தது. அக்கரையில் கடை பூட்டியிருந்தது. புதன்கிழமை, அரைநாள்தான். இஷ்பெல் பின்பக்கம் போய் ஜன்னலைத் தட்டிய தட்டில் டூகல்ட் சூப்புக் கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்ன இஷ்பெல், வீடு பத்திக்கிச்சா?"

"லண்டன்லேருந்து போன் வந்துதா?"

"வந்துதே, நீ கிளம்பின கையோட. மாமியாருக்கு மெசேஜ் போகணும்னு ஒரு பையன் கேட்டான். கவலைப்படாதே தம்பி, மெசேஜ் இப்பத்தான் இஷ்பெலோட படகுல போகுதுன்னேன். அதுக்குள்ள காசு தீர்ந்து லைன் போயிடுச்சு."

"என்ன மெசேஜ்னு கேக்கலையா, மரமண்டை?"

"எதுக்குக் கேக்கணும்? எடை போட்டுக் குடுத்ததே நான்தானே!"

திருமதி லட்லோ ஆஸ்பத்திரி எண்ணைச் சுற்றினாள். ஒரு எண் தவறி, மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். இந்த ஒரு தடவை நல்ல சேதி வரட்டும், ஒரு வாரம் வாயே திறக்கமாட்டேன் என்று இஷ்பெல் தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள். போனைப் பிடித்திருந்தவள் திடீரென்று அழுதாள். இஷ்பெலுக்கு உயிரே போயிற்று. அழுதவள் அப்படியே சிரித்தாள்.

"பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அஞ்சு பவுண்டுதானாம்."

"என் உருளைக்கிழங்கை விட ரெண்டு பவுண்டு கம்மி," என்றாள் இஷ்பெல். சத்தியம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

அந்தக் கதையை அவளே வருஷம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த கோடையில் லட்லோக்கள் மறுபடி வந்தார்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. பெட்டியைக்கூட இறக்காமல் திருமதி லட்லோ நேரே இஷ்பெல் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் கம்பளியில் சுற்றிய கொழுகொழு குழந்தை.

"இஷ்பெல், கொஞ்சம் கைய நீட்டுங்க," என்று குழந்தையை அவளிடம் கொடுத்தாள். "இந்தாங்க, உங்க மெசேஜ்."

குழந்தை எட்டி இஷ்பெலின் மூக்கைப் பிடித்தது. இஷ்பெல் வாயைத் திறந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை. மர்டோ உள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக்கூடக் குழந்தையிலிருந்து கையை எடுக்கவில்லை.